அரை டம்ளர் வீடு

சாலமன் வீட்டுக்குப் போனால் காபி அரை டம்ளர்தான் வரும். மோரும் அப்படித்தான், குடிக்கிற தண்ணீரும் அப்படித்தான். புதிதாகப் போகிறவர்கள் "சரியான கஞ்சப் பிசினாறிங்க" என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே குடிப்பார்கள். டம்ளரைக் கீழே வைத்ததும் இன்னொரு அரை வரும், அதையும் வைத்தால் மறுபடி ஒரு அரை. வயிறு முட்டத்தான் அனுப்புவார்கள், ஆனால் விளிம்பு வரை மட்டும் ஊற்ற மாட்டார்கள். அது அந்த வம்சத்துச் சட்டம். மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே, கழுவெளி ஏரியைப் பார்த்த ஒரு தெரு முழுக்க அந்த வம்சம்தான் பெருகிக் கிடக்கிறது. பஞ்சாயத்து போர்டில் தெருவுக்கு வேறு பெயர். ஊர்வாயில் அது சுத்தக்காரர் தெரு.

சுத்தம் என்றால் குளித்து முழுகுகிற சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் மாசிலாமணி உபதேசியார் என்று ஒரு மனிதர் இந்த உப்பு மண்ணுக்கு வந்தார். நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக் குடிசை போட வைத்தார், ஓலைக் கொட்டகையில் ஒரு சபையைத் தொடங்கினார், அப்புறம் சட்டம் போட ஆரம்பித்தார். கள் கூடாது. மேளம் கூடாது. கூத்து நடக்கிற பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் பூ வைக்கக் கூடாது, குந்துமணித் தங்கம் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உப்புப் பாத்தியில் கால் படக் கூடாது. மழை வந்து வாரி வைத்த உப்பெல்லாம் கரைந்து ஓடினாலும் ஓடட்டும், கை வைக்கக் கூடாது. பின்னால் சினிமா வந்தபோது அதையும் சேர்த்துக்கொண்டார்கள், டிவி வந்தபோது அதையும். செல்போன் வந்தபோதுதான் சட்டம் லேசாகக் கண்ணை மூடிக்கொண்டது.

செல்லம்மாள் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்தது இடையஞ்சாவடிப் பக்கம், அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிற வீடு. உப்பு அள்ளுகிற வேலைக்கு வந்த இடத்தில் சாலமனைப் பார்த்தாள், பிடித்துப்போயிற்று. சாலமன் அப்போது தலையில் உப்புக்கூடையோடு ஒற்றையடி அகல வரப்பில் ஓடுவான், ஒரு கல் உப்பு கீழே விழாது. அவனுக்காக ஞானஸ்நானம் வாங்கி 'சாராள்' ஆனாள். அந்தப் பெயர் சபையோடு நின்றுவிட்டது. சாலமனே கோபம் வந்தால்தான் அவளை சாராள் என்பான். பூவை விட்டாள், பொட்டை விட்டாள். வந்த புதிதில், "ஏன் அத்தை, டம்ளரை ரொப்பி ஊத்தினா இன்னா?" என்று மாமியாரைக் கேட்டாள். "ரொம்புனா பெருமை வந்துடும்டி. அடக்கமா இருக்கணும்னு பெரியவரு வெச்சது" என்றாள் மாமியார். அது நல்ல பதிலாகத்தான் இருந்தது.

அந்தத் தெருவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஞாயிறு ஆராதனையில் மாசிலாமணியின் நேர் வாரிசுதான் முன்னால் நின்று ஜெபிப்பார். ஜெபிக்கும்போது இரண்டு ஆண்கள் இரண்டு பக்கமும் நின்று அவர் தோளையும் கையையும் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தாங்கிகள் என்று பெயர். நாற்பதைத் தாண்டினால் அந்த வாரிசுக்கு ஆவி இறங்கும். தோள் துள்ளும், விரல்கள் தானாக ஆடும், முட்டி மடங்கும். தாங்கிகள் இல்லாவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். மாசிலாமணிக்கு அப்படித்தான் இறங்கியது, அவர் மகனான சாலமனின் தாத்தாவுக்கும் அப்படித்தான் இறங்கியது. சாலமனின் அப்பா முப்பது சொச்சத்திலேயே உப்பு லாரி கவிழ்ந்து போய்விட்டார், அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் தெருவே சாலமனைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபத்தின் நடுவில் சாலமனின் இடது தோள் குபுக்கென்று ஒரு துள்ளு துள்ளியது. பெண்கள் அழுதேவிட்டார்கள். செல்லம்மாள் பாயசம் வைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். பாவி மகள், தன் கையாலேயே கொடுத்தாள்.

ஏனென்றால் வந்த ஆவிக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை தெரியவில்லை. சோறு பிசையும்போது வந்தது. சட்டைப் பட்டன் போடும்போது வந்தது. தண்ணீர் குடித்தால் அரை டம்ளரும் சட்டையில் சிந்தியது. வரப்பில் நடந்தால் கால் எங்கோ போக, பாத்திக்குள் விழுந்து, வார வேண்டிய உப்பையெல்லாம் சேறாக்கினான். "யோவ் சாலமன், காத்தாலயே போட்டுட்டு வந்துட்டியா?" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டார். சொட்டு கள் நாக்கில் படாத மனுஷன்! அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த தடவை விழுந்தபோது மடைக்கல்லில் கால் கிழிந்தது. தையல் போட்ட டாக்டர் காலை விட்டுவிட்டுக் கையையே பார்த்தார். புதுச்சேரியில் நரம்பு டாக்டரம்மா ஒருத்தரிடம் அனுப்பினார். அந்த அம்மா சாலமனை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தது. நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னது. நாக்கு நிற்காமல் உள்ளே உள்ளே ஓடியது. "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டது.

சாலமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வம்சத்துக்கே இறங்கும்மா, கொள்ளுத்தாத்தா காலத்துலேருந்து" என்றான்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, செல்லம்மாளைப் பார்த்தது. "இது வம்சத்துல வர்ற ஒரு நரம்பு நோயா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும், அதுக்கு அவர் சம்மதிக்கணும். அதுதான்னா, பிள்ளைங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். காசு சுண்டிவிடற மாதிரி, பூவா தலையா. வந்தாலும் சின்ன வயசுல தெரியாது, நாற்பதுக்கு மேலதான் தலைகாட்டும். முன்னாடி இருந்தவங்களுக்கு நெசமா எப்படி இருந்துச்சுன்னு விசாரிச்சுட்டு வாங்க."

"என் ரத்தத்தை நீங்க இன்னாத்துக்கும்மா பாக்கணும்? அது ஆண்டவர் குடுத்தது" என்று சாலமன் எழுந்துவிட்டான். கதவு நிலையில் தோள் இடிக்க வெளியே போனான். டாக்டரம்மா சொன்னதில் ஒரே ஒரு வார்த்தைதான் செல்லம்மாள் காதில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைங்க. அவர்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை, செந்தமிழ். இருபத்துநாலு வயது. புதுச்சேரியில் துணிக்கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறாள். கூட வேலை செய்கிற கௌதமுக்குப் பேசி முடித்து, மழைக்காலம் வருவதற்குள் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

அன்றிலிருந்து செல்லம்மாள் மகளின் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். செந்தமிழ் தலை வாரினால் பார்ப்பாள், வெங்காயம் நறுக்கினால் பார்ப்பாள். ஒருநாள் மகள் கையிலிருந்து சீப்பு நழுவியது. எல்லார் கையிலும்தான் சீப்பு நழுவும். செல்லம்மாளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. "இன்னாம்மா என்னையே பாத்துக்குனு இருக்கற?" என்று மகள் சிரித்தாள். "ஒண்ணுமில்லடி" என்றாள். இவளிடம் எதைச் சொல்வது? சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாமல் கட்டிக்கொடுத்தால் அந்தப் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் செய்கிற துரோகம். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அப்படி நின்றாள்.

ஆனால் அவள் சும்மா கலங்குகிறவள் இல்லை, யோசிக்கிறவள். யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. ஆவி இறங்குமென்று பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தால், இறங்காமல் என்ன செய்யும்? அவள் ஊரில் சாமி ஆடுகிறவர்களைப் பார்த்ததில்லையா? அப்பன் ஆடினால் பிள்ளையும் அதே மாதிரி ஆடும். தாத்தாவைப் பார்த்து ஊரே பேசிய பேச்சில் இவருக்கும் உடம்பு பழகியிருக்கலாம். வீட்டில் கை ஆடுவதுகூட அந்தப் பழக்கம் முற்றியதாக இருக்கலாம். ஆக, முதலில் ஆடிய மனுஷன் மாசிலாமணி ஒருவர்தான் யாரையும் பார்த்துப் பழகாதவர். அவர் ஜெபத்தில் மட்டும் ஆடியிருந்தால் அது பக்தி. அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் பார்த்துச் செய்தது. செந்தமிழ் தப்பித்தாள். ஜெபம் இல்லாதபோதும் அவர் ஆடியிருந்தால்? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

தெருவில் கேட்டுப் பார்த்தாள். உபதேசியார் வெள்ளைக்காரனின் உப்பு இலாக்காவில் சிப்பாய் உத்தியோகம் பார்த்தவர், ஆண்டவர் கூப்பிட்டதால் உத்தியோகத்தை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தவர், பரிசுத்தவான். எல்லாரும் இதையே ஒப்பித்தார்கள். அவருக்கு என்ன பிடிக்கும், எப்படி நடப்பார், எப்படிச் செத்தார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு மனுஷனைப் பரிசுத்தவான் ஆக்கிவிட்டால் அப்புறம் அவனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை போலிருக்கிறது.

மிச்சம் இருந்தது ஒருத்திதான். சாலமனின் அத்தை ஞானசௌந்தரி, அவன் அப்பாவோடு பிறந்தவள், மாசிலாமணியின் பேத்தி. பெரிய முதலியார்சாவடியில் இருக்கிறாள். பூ கட்டுகிற வீட்டுப் பையனைத் தாலி கட்டிக்கொண்டதற்காக அந்தக் காலத்திலேயே சபையிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவள். தெருவில் அவள் பெயரைச் சொன்னால் வாயைக் கழுவச் சொல்வார்கள். செல்லம்மாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ஞானசௌந்தரிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கொண்டையில் ஒரு கைப்பிடி மல்லி, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பேசிக்கொண்டே பூ கட்டினாள். விரல்கள் நாரில் ஓடின, ஒரு மொட்டு தப்பவில்லை. செல்லம்மாளால் அந்த விரல்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"எனக்கு ஆவி இறங்கலடி. பூ வெச்சவளுக்கு எங்கேருந்து இறங்கும்னானுங்க" என்று கிழவி சிரித்தாள். "உங்க ஆளுங்க சொல்றதெல்லாம் நம்பாத. எங்க தாத்தா உபதேசியாரு தானா வேலைய வுட்டாரு? தொரத்துனாங்க. வரப்பு மேல தள்ளாடிக்குனு போறான், குடிகாரப் பயன்னு சொல்லி, துரை எல்லார் முன்னாடியும் தலப்பாவ அவுக்க வெச்சி அனுப்பிட்டான். எங்கப்பா இத சொல்லி அழுவாரு. தாத்தா கள்ளு வாசனை கூட புடிச்சதில்லையாம்."

செல்லம்மாளுக்கு மேஸ்திரியின் குரல் காதில் கேட்டது. "வெயில்ல தலை சுத்தியிருக்கும் சின்னம்மா" என்றாள் அவசரமாக.

"இருக்கும். நான் பாத்தனா? அதுக்கப்புறம்தான் கள்ளுன்னாலே ஆவாம போச்சி அவருக்கு. குடிகாரன்னு பேரு வாங்கினவன் குடிக்கறவன சும்மா வுடுவானா? கூத்து நடக்கற எடத்துக்கே போயி நிறுத்த சொல்லி சண்ட போட்டாராம். கூத்துக்காரனுங்களும் லேசுப்பட்டவனுங்களா? அந்த வருசத்துலேருந்து அவரு மாதிரியே நடிச்சி காட்ட ஆரம்பிச்சானுங்க. உபதேசி நடைன்னு."

"உங்க அப்பா? அவருக்கு வீட்லயும் கை ஆடுச்சா?"

கிழவி முதல்தடவையாகக் கட்டுவதை நிறுத்தினாள். "தெரியலடி. வீட்ல அவரு கைய நான் பாத்ததே இல்ல. எப்பவும் தொடைக்கு அடியில வெச்சிக்குனு ஒக்காந்திருப்பாரு. நீச்சல் தெரிஞ்ச மனுசன், கழுவெளியில முழுவி செத்தாரு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சாலமன் கண்முன் வந்தான். செல்லம்மாள் தலையை உதறிக்கொண்டாள். அதுவும் பார்த்துப் பழகியதாக இருக்கக் கூடாதா? தாத்தா உட்கார்ந்த மாதிரிதானே பேரனும் உட்காருவான்? இருக்கக் கூடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் 'உபதேசி நடை' என்ற வார்த்தை அவளைக் குடைந்தது. அதை அவள் எங்கோ கேட்டிருக்கிறாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் வேகம் எடுத்தபோது ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் அவர்கள் ஊர்த் திருவிழாவில் கூத்து நடக்கும். கட்டியக்காரன் என்கிற கோமாளி கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு "கள்ளு கூடாது, கள்ளு கூடாது" என்று கத்திக்கொண்டே தள்ளாடி வருவான். அவள் மண்ணில் புரண்டு புரண்டு சிரித்திருக்கிறாள்.

அந்த வேஷத்தை இப்போது கட்டுகிறவன் சகாதேவன். அவன் ஒன்றும் அயல் ஆள் இல்லை. உப்பு மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறான், சீசன் வந்தால் கூத்தில் கட்டியக்காரன். மறுநாள் மதியம் உப்புக் கொட்டகைக்குப் பின்னால் வண்டி நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் செல்லம்மாள் போய் நின்றாள்.

"அண்ணே, உபதேசி நடை ஒருவாட்டி நடந்து காட்டுங்க."

சகாதேவனுக்குச் சோறு புரையேறிவிட்டது. "யம்மா, அது உங்க ஊட்டு பெரியவரு. வவுத்து பொழப்புக்கு இன்னாவோ ஆடறோம். சாலமனுக்கு தெரிஞ்சா எம்மூஞ்சில முழிப்பானா? வோணாம் தங்கச்சி."

"என் பொண்ணுக்காக கேக்கறேண்ணே."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவன், கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். வரப்பில் போய் நின்றான். நடந்தான்.

முதலில் இடது தோள் குபுக்கென்று துள்ளியது. அப்புறம் விரல்கள், ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி, காற்றில். ஒரு கால் வைக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது, முட்டி மடங்கியது, உடம்பு முழுக்க ஒரு நெளி நெளிந்து நிமிர்ந்தது. புருவம் தானாக மேலே ஏறி இறங்கியது. நாக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது. இடுப்பிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, வாய்க்குக் கொண்டுபோகிறேன் பேர்வழி என்று மார்பு, வயிறு, வேட்டியெல்லாம் கொட்டிக்கொண்டான். "கள்ளு கூடாது, கள்ளு கூடாது." அந்த இடத்தில்தான் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

செல்லம்மாள் சிரிக்கவில்லை. அவள் பார்த்தது சகாதேவனை இல்லை, உபதேசியாரையும் இல்லை. நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பிப் போன தன் புருஷனைப் பார்த்தாள்.

"இத யாருண்ணே சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா. அவருக்கு அவங்கப்பா. மொதல்ல போட்டது எங்க கொள்ளுத்தாத்தா, உபதேசியார பாத்துப் பாத்து எடுத்தாராம். ஒரு நெளிவு மாத்தக் கூடாதுன்னு அடிச்சி சொல்லிக் குடுத்தாங்க."

"ஜெபம் பண்ணும்போது பாத்ததா?" அந்த ஒரு பதிலில்தான் அவள் உயிர் இருந்தது.

"நல்லா கேட்ட போ! எங்காளுங்கள சபைக்குள்ள எங்க வுட்டாங்க? வரப்பு மேல போறப்ப வர்றப்ப பாத்ததுதான். தண்ணி குடிக்கறது கூட ரோட்டோரத்துல நின்னு குடிச்சதாம்."

செல்லம்மாள் அப்படியே உப்புத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கமும் இல்லை, பெருமையும் இல்லை. சிந்தக் கூடாதே என்றுதான் அந்த மனுஷன் பாதி ஊற்றச் சொல்லியிருக்கிறார். விழுந்தால் குடிகாரன் என்று சிரிப்பார்களே என்றுதான் பக்கத்துக்கு ஒருவனாக நிற்க வைத்திருக்கிறார். ஊர் சிரித்தது, சபை கும்பிட்டது. உடம்புக்கு என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதை நினைத்து அழுதாளா, மகளை நினைத்து அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. சகாதேவன் ஈர வேட்டியோடு, "நான் இன்னா பண்ணிட்டேன், ஏம்மா, நான் இன்னா பண்ணிட்டேன்" என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

சாயங்காலம் சாலமனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "கூத்தாடி சொன்னானாம், இவ நம்பினாளாம்! எங்க பெரியவர சிரிப்பா சிரிக்க வெச்சவன் வாயிலேருந்து வந்ததா உனக்கு வேதம்? சாராள், நீ எங்க போயி யார் கால்ல வுழுந்திருக்கன்னு உனக்குத் தெரியுதா?" கத்தக் கத்தக் கை அதிகமாக ஆடியது. ஆடுவதை அவளும் பார்த்தாள், அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான். டக்கென்று கைகளைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டான்.

"உங்க தாத்தாவும் இப்படித்தாங்க ஒக்காந்திருந்தாராம்" என்றாள் செல்லம்மாள். "எனக்கு உங்க ஆவி மேல ஒண்ணும் சண்ட இல்ல. எம்பொண்ணுக்கு தெரியணும். அவ்ளோதான்."

அந்த வாரம் முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. செந்தமிழ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாம்மா, கல்யாண விஷயமா?" என்று கேட்டாள். செல்லம்மாளால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டு முடிந்து சாலமன் முன்னால் போய் நின்றான். தாங்கிகள் இரண்டு பேரும் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஜெபம் ஆரம்பித்தது. தோள் துள்ளியது, விரல்கள் ஆடின. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. செல்லம்மாள் கண்ணை மூடவில்லை. சாலமனும் மூடவில்லை. அவன் பெண்கள் பக்கம், அவளுக்குப் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதி ஜெபத்தில் நிறுத்தினான். "விடுங்க" என்றான்.

"அண்ணே?"

"விடுங்கன்றேன்பா."

தாங்கிகள் கையை எடுத்தார்கள். சாலமன் வாயை மூடிக்கொண்டான். ஸ்தோத்திரம் சொன்னவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மேலே மின்விசிறி சத்தம் மட்டும்தான். ஜெபம் நின்றுவிட்டது, பாட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. இடது தோள் துள்ளியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி துள்ளியது. விரல்கள் வாசித்தபடி இருந்தன. அவன் பல்லைக் கடித்தான், மூச்சைப் பிடித்தான், இரண்டு கைகளையும் சேர்த்துக் கோத்து வயிற்றோடு அழுத்தினான். கோத்த கைகளும் ஆடின. அதைத் தூரத்து ஆள் யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். முட்டி மடங்கியது. தாங்கிகள் பாய்ந்து வருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினான். "எங்க கொள்ளுத்தாத்தா குடிக்கல. அவருக்கு ஆவியும் இல்ல. சீக்கு. அந்த மனுசனுக்கு சீக்கு வந்திருந்தது."

சபையில் ஒரு பெரியவர், "சாலமா, வாயக் கட்டு" என்று எழுந்தார். சாலமன் அவரைப் பார்க்கவில்லை. "செல்லம்மா, திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். பிறகு குழந்தை மாதிரி அழுதான்.

அன்றைக்கு மதியம்தான் செந்தமிழுக்குச் சொன்னார்கள். டாக்டரம்மா சொன்னது, அத்தை சொன்னது, சகாதேவன் நடந்து காட்டியது எல்லாவற்றையும் அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும், "அதான் என் கையவே பாத்துக்குனு இருந்தியா?" என்றாள் அம்மாவிடம். அதைவிட ஒரு அறை அறைந்திருக்கலாம்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருகிற வரைக்கும் செல்லம்மாள் கடவுளிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை. சபையின் கடவுளிடம் வேண்டினாள். பழக்கம் விடுமா, விட்டுவந்த அய்யனாரிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்தாள். முடிவு வந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டது. அதேதான். செந்தமிழ் தனக்கும் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பார்க்கலாம், ஆனால் அவசரப்படாதே, தெரிந்துகொண்ட பின்னால் தெரியாத மாதிரி வாழ முடியாது, யோசித்துவிட்டு வா என்றது டாக்டரம்மா. வெளியே வந்து, "கௌதம் கிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க" என்றாள் மகள்.

சொன்னாள். மறுநாளே கௌதம் வருகிறேன் என்று போன் பண்ணினான். எதற்கு என்று சொல்லவில்லை. முடித்துக்கொள்ள வருகிறவனும் நேரில்தானே வருவான்? சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவன், செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, சாலமனுக்கு எதிரில் உட்கார்ந்தான். "எப்படி மாமா இருக்கீங்க?" என்றான். குரலில் ஒன்றும் தெரியவில்லை. சாலமன் கைகளை ஒளிக்காமல் மடியில் வைத்திருந்தான், அவை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. கௌதம் அவற்றைப் பார்த்தான், பார்க்காத மாதிரி நடிக்கவும் இல்லை.

சமையல் அறையில் செந்தமிழ் காபி கலந்தாள். டம்ளரில் பாதி ஊற்றினாள். செல்லம்மாள் எடுக்கப் போனாள். "இரு" என்றாள் மகள். மிச்சத்தையும் ஊற்றினாள். விளிம்பு வரை ஊற்றினாள், மேலே ஒரு துளிக்கு இடமில்லாமல் ஊற்றினாள். அந்த வீட்டில் மாசிலாமணி காலத்திலிருந்து ஒரு டம்ளர் அப்படி நிரம்பியதில்லை.

இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நடந்தாள். வேகமாகவும் இல்லை, பயந்தும் இல்லை. சாலமன் அவள் கையைப் பார்த்தான். கௌதம் அவள் கையைப் பார்த்தான். செல்லம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். செந்தமிழ் யாரையும் பார்க்காமல், காபியைக்கூடப் பார்க்காமல், நேரே போய்க் குனிந்து அவனிடம் நீட்டினாள்.

கௌதம் வாங்கினான். வாங்கும்போது அவன் கைதான் லேசாக ஆடி, காபி அவன் விரலைச் சுட்டது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "அம்மா ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னாங்க மாமா. தேதிய ஒண்ணும் மாத்த வேணாமாம்" என்றான். சாலமன் முகத்தை மூடிக்கொண்டான். செந்தமிழ் முதல்தடவையாகத் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்தியா என்று கேட்கிற சிரிப்பு.

செல்லம்மாளும் சிரித்தாள். பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். மகள் கையிலிருந்து ஒரு துளி சிந்தவில்லை. இருபத்துநாலு வயதில் மாசிலாமணிக்கும் சிந்தியிருக்காது.